மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லையா? நாலாவதை வாங்கும் முன்னால் இதைப் பாருங்கள்

மதுரைக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் இருபது வருடமாக மருந்துக்கடை நடத்துகிறேன். டாக்டர் இல்லை, பார்மசிஸ்ட். சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா வந்தார், அறுபத்தைந்து வயது இருக்கும். "தம்பி, பிரஷர் நூத்தி எழுபதுக்குக் கீழ வரவே மாட்டேங்குது, டாக்டர் இன்னொரு மாத்திரை எழுதியிருக்காரு" என்று சீட்டை நீட்டினார். ஏற்கெனவே மூன்று, இது நாலாவது. "வீட்டுல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும், எதையும் விடாம, ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்கம்மா" என்றேன். சாயங்காலம் மஞ்சப்பையைக் கவுண்டரில் கவிழ்த்தார்.

டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரை இரண்டு அட்டை, இரண்டு கம்பெனிப் பெயரில். ஒன்று பிரஷருக்கு, இன்னொன்று இதயத்துக்கு என்று நினைத்து, ஒரு நாள் இது ஒரு நாள் அது என மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார். ஆம்லோடிபின் அட்டையில் பதினைந்துக்குப் பதினொன்று அப்படியே இருந்தது. "அது போட்டா கால் வீங்குதுப்பா." நீர் பிரியும் மாத்திரை? "பஸ்ல போற அன்னைக்கு எப்படிப் போடுறது?" அவருக்கு வாரத்தில் நாலு நாள் பஸ். கடைசியாக ஒரு காகிதப் பொட்டலம் விழுந்தது. உள்ளே மஞ்சள், வெள்ளை, ரோஸ் என்று பெயரில்லாத மாத்திரைகள். மூட்டுவலிக்கு வேறொரு கடையில் வாங்கிய "செட்".

டாக்டர் கணக்கில் இவர் மூன்று மருந்துக்கும் அடங்காத நோயாளி. உண்மையில் இவர் ஒன்றரை மாத்திரை போட்டுக்கொண்டு, பிரஷரை ஏற்றுகிற மருந்தையும் கூடவே விழுங்குகிற நோயாளி. நாலாவது மாத்திரை அங்கே என்ன செய்யும்?

மருத்துவர்கள் எதை "அடங்காத ரத்த அழுத்தம்" என்கிறார்கள் என்றால், மூன்று வெவ்வேறு வகை மருந்துகளை, அதில் ஒன்று நீர் பிரியும் மருந்து, தாங்கக்கூடிய முழு அளவில் ஒழுங்காகச் சாப்பிட்டும் இலக்குக்கு வராத பிரஷரை. நாலு மருந்து போட்டால்தான் அடங்குகிறது என்றாலும் அதே கணக்கு. "முழு அளவில்", "ஒழுங்காக" என்ற இரண்டு வார்த்தையையும் கவனியுங்கள். குறைந்த அளவிலேயே மூன்று மாத்திரையை வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்தப் பெயர் பொருந்தாது. அவருக்கு அளவைக் கூட்டினாலே போதுமாக இருக்கலாம்.

இன்னொன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். 180/120-ஐத் தாண்டிய எண்ணோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடுமையான தலைவலியோடு குழப்பம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் வராமல் போவது, திடீரென்று பார்வை மங்குவது இதில் எது இருந்தாலும் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். வாய் கோணி பேச்சுக் குழறினால் பிரஷர் எண்ணே பார்க்க வேண்டியதில்லை. கீழே சொல்கிற துப்பறியும் வேலையெல்லாம் நிதானமாக இருக்கிறவர்களுக்கு.

முதலில் எண் சரிதானா?

மாடிப்படி ஏறி வந்து, டோக்கன் கூப்பிட்டதும் ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்து, கை தொங்கிக்கொண்டிருக்க, நர்ஸ் பட்டையைச் சட்டைக்கு மேலேயே சுற்ற, நாம் பேரனுக்குக் காய்ச்சல் வந்த கதையைச் சொல்லிக்கொண்டே இருப்போம். அந்த எண்ணை நம்பித்தான் மருந்து கூடுகிறது. பேசினால் ஏறும், மூத்திரத்தை அடக்கிக்கொண்டிருந்தால் ஏறும், கை இதய மட்டத்துக்குக் கீழே தொங்கினால் ஏறும், கால்மேல் கால் போட்டாலும் கொஞ்சம் ஏறும். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு மாத்திரை குறைக்கிற அளவை இது ஏற்றிக் காட்டிவிடும்.

இதில் யாரும் கவனிக்காதது பட்டையின் அளவு. உள்ளே காற்று நிரம்புகிற பை மேற்கையின் சுற்றளவில் முக்கால்வாசிக்கு மேல் வர வேண்டும். பருத்த கைக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினால் பத்து, சிலருக்கு இருபது புள்ளி வரைகூட ஏறிக் காட்டும். கடையில் மெஷின் வாங்கும்போது "எத்தனை சென்டிமீட்டர் கைக்கு?" என்று கேட்பவர் நூறில் ஒருவர் இருந்தால் அதிகம். வீட்டில் தையல் டேப் இருக்கும், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அளந்துவிட்டு வாருங்கள், பெட்டியின் மேலேயே அளவு போட்டிருக்கும். மணிக்கட்டில் கட்டுகிற மெஷின் வேண்டாம், மேற்கையில் கட்டுவதை வாங்குங்கள்.

அப்புறம் இப்படிப் பாருங்கள். காபி, டீ, சிகரெட், நடைப்பயிற்சி எல்லாம் முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். மூத்திரம் போய்விட்டு வந்து, முதுகு சாய்கிற நாற்காலியில், இரண்டு பாதமும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். டிவி சீரியல் ஓடக் கூடாது, சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் அதுவும் ஏற்றும். கையை மேஜைமேல் வைத்து, வெறும் தோலில் பட்டையைக் கட்டி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலையில் மாத்திரைக்கு முன்னால், ராத்திரி படுக்கும் முன்னால். ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மீதியைக் கூட்டிச் சராசரி எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85 என்பது ஆஸ்பத்திரியில் 140/90-க்குச் சமம். வீட்டில் 128, ஆஸ்பத்திரியில் 165 என்றால் உங்களுக்கு வெள்ளைக்கோட்டைப் பார்த்தால் ஏறுகிற பிரஷர். நாலாவது மாத்திரையைச் சேர்த்தால் வீட்டில் தலைசுற்றி விழக்கூடும். சந்தேகம் தீராவிட்டால் 24 மணி நேரமும் கட்டிக்கொண்டே இருக்கிற மெஷின் இருக்கிறது, ராத்திரி தூக்கத்தில் இறங்குகிறதா என்பதையும் அது காட்டும்.

முதல் தடவை இரண்டு கையிலும் பாருங்கள். எது கூடுதலோ அந்தக் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்துங்கள். திரும்பத் திரும்பப் பார்த்தும் இரண்டுக்கும் பதினைந்து, இருபது வித்தியாசம் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அது ரத்தக்குழாய்ச் சமாச்சாரமாக இருக்கலாம்.

பையைக் கொட்டுங்கள்

எண் உண்மைதான் என்றால் அடுத்த வேலை மஞ்சப்பை. எல்லா மாத்திரையையும் பாயில் பரப்பி, அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரை மகனையோ பேத்தியையோ விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அதை நம்பி ஏமாறாதீர்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கலாம், இரண்டு மருந்து ஒரே மாத்திரையில் இருக்கலாம். வாங்கிய தேதியையும் மிச்சத்தையும் எண்ணினால் எத்தனை நாள் விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

விடுவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலும் ஏதோ ஒரு தொந்தரவு இருக்கும், அதை டாக்டரிடம் சொல்லக் கூச்சம். ஆம்லோடிபினில் கால் வீங்கும், எனாலாப்ரில், ராமிப்ரில் வகையில் வறட்டு இருமல் வரும், நீர் மாத்திரையில் ஓட வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் மாற்று உண்டு. இருமலுக்கு டெல்மிசார்டன், லோசார்டன் வகைக்கு மாற்றுவார்கள், வீக்கத்துக்கு அளவைக் குறைத்துக் கூட இன்னொன்றைச் சேர்ப்பார்கள், நீர் மாத்திரையை வெளியே போய்வந்த பிறகு பகலிலேயே போடலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். சொன்னால்தானே நடக்கும்? "எல்லாம் கரெக்டா போடுறேன் டாக்டர்" என்ற ஒரு பொய்யால் அடுத்த மாத்திரை ஏறிவிடுகிறது.

பணம் காரணமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்திருந்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். "பிரஷர் நார்மலாயிடுச்சு, அதனால நிறுத்திட்டேன்" என்பதும் அடிக்கடி கேட்கிற வசனம். நார்மலானதே மாத்திரையால்தான். அட்டெனலால், மெட்டோப்ரலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் பழைய எண்ணைவிட மேலேயும் எகிறும், அதிலும் குளோனிடின் ரொம்ப மோசம்.

கூடவே ஏற்றிக்கொண்டிருப்பது எது?

இங்கேதான் என் தொழில்மேலேயே குறை சொல்ல வேண்டியிருக்கிறது. "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்டால் பல கடைகளில் கிழித்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற மாத்திரையில் அநேகமாக ஒரு வலி மாத்திரை, டைக்ளோஃபினாக்கோ வேறு ஏதோ, அதோடு டெக்சாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஒரு வாயு மாத்திரை இருக்கும். ஸ்டீராய்டு இருப்பதால்தான் ராத்திரி போட்டு காலையில் வலி பறந்துபோகிறது, அந்தக் கடைக்குக் கைராசி என்ற பெயரும் வருகிறது. வலி மாத்திரை சிறுநீரகத்தைப் பிடித்து உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் தேக்கிவைக்கிறது, நீர் மாத்திரையின் வேலையையும் டெல்மிசார்டன் வகையின் வேலையையும் கெடுக்கிறது. ஸ்டீராய்டு தன் பங்குக்குப் பிரஷரையும் சர்க்கரையையும் சேர்த்தே ஏற்றுகிறது. ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப் எல்லாமே இந்த வலி மாத்திரை இனம்தான். டெல்மிசார்டன், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால், அதிலும் வயிற்றுப்போக்கிலோ வெயிலிலோ உடம்பு வறண்ட நேரத்தில், கிட்னியே திடீரென்று மக்கர் பண்ணிவிடும். வலிக்கு மேலே தடவுகிற ஜெல், பிசியோதெரபி, அளவான பாரசிட்டமால் என்று டாக்டரிடம் வழி கேளுங்கள். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரைகிற வகைப் பாரசிட்டமால் வேண்டாம், அந்த நுரைக்குக் காரணமே சோடியம். வயிறு உப்புசத்துக்குக் கலக்கிக் குடிக்கிற நுரைப்பொடிக்கும் இதே கதை. செட் மாத்திரையை மாதக்கணக்கில் தினமும் போட்டு வந்தவர்கள் மட்டும் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம், பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். உடம்பு சொந்தமாக ஸ்டீராய்டு சுரப்பதை நிறுத்தியிருக்கலாம்.

மூக்கடைப்புக்குப் போடுகிற சளி மாத்திரைகளில் பீனைலெஃப்ரின் இருக்கும், அது ரத்தக்குழாயைச் சுருக்கும். கருத்தடை மாத்திரை, சில மனநல மருந்துகள், மாற்றுச் சிறுநீரகக்காரர்களுக்குத் தருகிற மருந்துகள் ஆகியவையும் ஏற்றக்கூடியவைதான். இவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது, எழுதியவரிடம் கேட்க வேண்டும்.

அதிமதுரம் இந்த வரிசையில் வருகிறது என்றால் யாரும் நம்புவதில்லை. தொண்டைக்கு நல்லது என்று தினமும் கஷாயத்தில் போட்டுக் குடிப்பவர்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர். அதில் இருக்கிற ஒரு பொருள், உடம்பே சுரக்கிற ஸ்டீராய்டான கார்டிசோலை அணைக்கிற நொதியைத் தடுத்துவிடும். அணையாத கார்டிசோல் உப்பைத் தேக்கும், பொட்டாசியத்தை இறக்கும், பிரஷரை ஏற்றும். இரண்டு நாள் இருமலுக்குக் குடித்தால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில், அதுவும் ஏற்கெனவே பிரஷர் இருப்பவர் குடிப்பதுதான் வம்பு. மூலிகை என்றால் பக்கவிளைவே இல்லை என்று யார் சொன்னது?

தினமும் குடிக்கிற சாராயம் பிரஷரை நேராகவே ஏற்றும், மாத்திரையையும் மறக்கடிக்கும். புகையிலையும் அப்படியே, வெற்றிலையோடு மெல்லுவதும் சேர்த்தி.

உப்பு

"நான் சாப்பாட்டுல உப்பே போட்டுக்கிறதில்ல" என்பார்கள். இலையில் மேலே தூவுவதில்லை, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் கீழே, அதாவது தலைதட்டிய ஒரு சின்ன டீஸ்பூனுக்குள், இட்லி மாவு, சாம்பார், பொரியல், ரசம் எல்லாவற்றிலும் இருப்பதையும் சேர்த்து. பழைய சோற்றுக்கு மோர் மிளகாய், மத்தியானம் ஊறுகாயும் அப்பளமும், சாயங்காலம் மிக்சர், ஞாயிற்றுக்கிழமை கருவாடு என்று போனால் கணக்கு எங்கே நிற்கும்? அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான்.

பிரஷர் அடங்காதவர்களுக்கு உப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே உறைக்கும், அதனால் குறைத்தால் பலனும் கூடுதலாகத் தெரியும். வீட்டுக்காரர்களுக்கு என் யோசனை இதுதான். மாத முதல் தேதி உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ எத்தனை நாளில் தீர்கிறது? ஆளுக்கு ஐந்து கிராம் என்றால் ஐம்பது நாள் வர வேண்டும். முப்பது நாளில் தீர்ந்தால் ஊறுகாய், அப்பளம் சேர்க்காமலேயே ஆளுக்கு எட்டு கிராமுக்கு மேல் போகிறது.

இந்துப்பு போட்டால் ஏறாது என்பது சும்மா. அதுவும் சோடியம் குளோரைடுதான், நிறமும் விலையும்தான் வேறு. சோடியம் குறைத்து பொட்டாசியம் சேர்த்த உப்பு என்று ஒன்று விற்கிறது, அது உண்மையிலேயே பிரஷரைக் குறைக்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை போடுபவர்களும் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. பொட்டாசியம் அதிகமானால் இதயத் துடிப்பே தடம் மாறும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால்

அப்போது உடம்புக்குள் வேறொரு நோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடத்தான் வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கு முதலில் கிட்னி. ரத்தத்தில் கிட்னியின் வேலையைக் காட்டுகிற கிரியாட்டினின் மட்டும் பார்த்து "நார்மல்" என்று விட்டுவிடுகிறார்கள், மூத்திரத்தில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள், கோளாறு அங்கேதான் முதலில் தலைகாட்டும்.

அடுத்தது, நம் ஊரில் ரொம்பக் குறைவாகத் தேடப்படுவது, ஆல்டோஸ்டிரோன். சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கிற அட்ரீனல் சுரப்பி இந்த ஹார்மோனைத் தேவைக்குமேல் சுரந்து உப்பைத் தேக்கிக்கொண்டே இருக்கும். 1955-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் என்ற மருத்துவர் இதை விவரித்ததால் கான் நோய் என்றும் பெயர். அபூர்வம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். அடங்காத பிரஷர்காரர்களில் ஐந்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்று இப்போது தெரிகிறது. பொட்டாசியம் குறைந்து கால் பிடித்திழுப்பது, சோர்வு எல்லாம் ஓர் அடையாளம், ஆனால் பாதிப் பேருக்கு மேல் பொட்டாசியம் சரியாகவே இருக்கும், அதனால் "பொட்டாசியம் நார்மல், அது இல்லை" என்று முடித்துவிட முடியாது. ஆல்டோஸ்டிரோன், அதைச் சுரக்கத் தூண்டுகிற ரெனின் இரண்டையும் ஒரே ரத்தத்தில் காலையில் பார்த்து விகிதம் போடுவார்கள். ஒரு பக்கச் சுரப்பியில் கட்டி என்றால் அறுவை செய்து எடுத்து, சிலருக்கு மாத்திரையே தேவைப்படாமலும் போயிருக்கிறது.

இதில் ஒரு சின்ன விஷயம். நாலாவதாக எழுதப்படுகிற மாத்திரை பெரும்பாலும் ஸ்பைரனோலாக்டோனாக இருக்கும், 2015-ல் வந்த பாத்வே-2 ஆய்வில் நாலாவது மருந்தாக அதுதான் நன்றாக வேலை செய்தது. ஆனால் அதை ஆரம்பித்துவிட்டால் இந்த ரத்தப் பரிசோதனையின் முடிவு குழம்பும். அதனால் "அதுக்கு முன்னாடி ஆல்டோஸ்டிரோன் பார்த்துடலாமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை. ஆரம்பித்த பிறகு பொட்டாசியத்தையும் கிரியாட்டினினையும் சில வாரங்களிலேயே பார்க்க வேண்டும், ஆண்களுக்கு மார்பு வலித்து வீங்கினால் சொல்ல வேண்டும்.

முப்பது வயதுக்குள் இவ்வளவு பிரஷர் என்றால் ரத்தக்குழாயைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் இளம்பெண்களுக்குத் தகயாசு என்ற ரத்தக்குழாய் அழற்சி சிறுநீரகத்துக்குப் போகிற குழாயைச் சுருக்கிவிடுவதுண்டு. ஒரு கையில் நாடி மெலிந்திருக்கும், அந்தக் கையில் பார்த்தால் பிரஷர் குறைவாகவே காட்டி ஏமாற்றும். கையில் ஏறியும் காலில் நாடி மெலிந்தும் இருந்தால் பிறவியிலேயே மகாதமனி குறுகியிருக்கலாம். வயதானவர், சிகரெட் பழக்கம் உள்ளவர், டெல்மிசார்டன் வகையை ஆரம்பித்ததும் கிரியாட்டினின் சடாரென்று ஏறியது என்றாலும் சிறுநீரகக் குழாய் அடைப்பைச் சந்தேகப்பட வேண்டும், டாப்ளர் ஸ்கேனில் தெரியும்.

தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து திடீர் திடீரென்று வந்து போனால் அட்ரீனலில் வேறு வகைக் கட்டி இருக்கலாம். முகம் உருண்டு, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள், லேசாக இடித்தாலே கன்றிப்போவது என்றால் கார்டிசோல் கூடுதல், நம் ஊரில் அதற்கு முதல் காரணம் மேலே சொன்ன செட் மாத்திரையாகவே இருக்கும். தைராய்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எழுதிவைத்த ஏழு நாள் நோட்டையும், மஞ்சப்பையையும், பழைய ரிப்போர்ட்டுகளையும் தூக்கிக்கொண்டு பொது மருத்துவரிடம் போங்கள். நீர் மாத்திரை ஹைட்ரோகுளோரோதையசைடு என்றால் குளோர்தாலிடோனுக்கு மாற்றினாலே சிலருக்கு இறங்குகிறது, அதையும் கேளுங்கள். அவர் தேவைப்பட்டால் கிட்னி டாக்டரிடமோ ஹார்மோன் டாக்டரிடமோ அனுப்புவார்.

அந்த அம்மா கதையை முடிக்கவில்லையே. பொட்டலத்தோடு திரும்ப டாக்டரிடம் போனார். அவர் செட்டைப் படிப்படியாக நிறுத்தி, இரண்டு மருந்தை ஒரே மாத்திரையாக்கி, நீர் மாத்திரையை வீடு திரும்பும் மூன்று மணிக்கு மாற்றிவிட்டார். எழுதிய நாலாவது மாத்திரையை இப்போதைக்கு வேண்டாம் என்று நிறுத்திவைத்தார். ஆறு வாரம் கழித்து நோட்டைக் காட்டினார்: 146, 142, 148. முன்பைவிட எவ்வளவோ மேல், ஆனால் இன்னும் இறங்க வேண்டும். கூட வந்த மகளிடம், "அம்மா தூங்கும்போது குறட்டை விடுவாங்களா? நடுவுல மூச்சு நின்னு, அப்புறம் திடுக்குனு இழுக்குறாங்களா? பகல்ல உக்காந்த இடத்துலயே தூங்கிடுறாங்களா?" என்று கேட்டேன். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு பதறி பிரஷரை ஏற்றிவிடும், அடங்காத பிரஷருக்கு ரொம்பச் சாதாரணமான காரணம் அது. ராத்திரித் தூக்கப் பரிசோதனை ஒன்று உண்டு, உறுதியானால் காற்றழுத்த மாஸ்க் தருவார்கள், எடையும் குறைய வேண்டும்.

மகள் அம்மாவைப் பார்த்தார். "ஐயோ அண்ணே, அதை ஏன் கேக்குறீங்க, பக்கத்து வீட்டுக்காரங்க வந்து சண்டை போட்டுட்டுப் போயிருக்காங்க" என்றார். அடுத்த வாரம் பரிசோதனைக்குப் போகிறார்கள்.